எவன் வேண்டுமானாலும் ஓட்டக்கூடிய படகு

கஸ்பார் படகிலேயே குடியிருந்தான். விடியும் முன் எழுந்து இரண்டு எஞ்சின்களின் பிளக்குகளையும் கழற்றி, கரியடுப்பின் ஓரத்தில் சுட வைப்பான். காப்பியும் அதே அடுப்பில்தான். சூடு ஆறுவதற்குள் பிளக்குகளைத் துணியால் பிடித்துத் திருகிப் பூட்டி, கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். ஆறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பைச் சுற்றிப் பார்க்க அதிகாரிகளுக்காகக் கட்டிய மோட்டார் படகு அது. கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, திரைச்சீலை மாட்டப் பித்தளை வளையங்கள். அறுபத்து நாலில் ஏலத்துக்கு வந்தது. தர்மபுரியில் லாரி வைத்திருந்த பச்சியப்பன் எடுத்து, நாகமரைக்கும் எதிர்க்கரைப் பண்ணவாடிக்கும் ஆள் ஏற்றினார். அதிகாரிகள் காலத்தில் எடுபிடியாக இருந்த கஸ்பாரும் படகோடு வந்தான்.

எஞ்சின்கள் படகின் வயதுடையவை, பெட்ரோல் எஞ்சின்கள். இடதுபக்கத்தது ஈரம் பட்டால் பேசாது. வலதுபக்கத்தது வெயில் ஏறினால் நின்றுவிடும். ஒன்று நின்றால் மற்றது படகை வட்டமடிக்க வைக்கும். அக்கரை வரை சுக்கானை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தே போக வேண்டும். பயணிகள் இடதை மூத்தவள் என்றும் வலதை இளையவள் என்றும் சொன்னார்கள்.

"மூத்தவ இன்னிக்கி பேசுறாளா டிரைவரே?" என்று முனியம்மாள் கேட்பாள். பண்ணவாடியில் கருவாடு வாங்கிக் கடத்தூர் சந்தையில் விற்பவள் அவள்.

"பேசுறா. இளையவதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா."

"இங்க ரெண்டு பேரத் தாஜா பண்ணு. அங்க ஒருத்தி தாலியக் கட்டிக்கிட்டு ஒத்தையில கெடக்கட்டும்."

படகு சிரிக்கும். கஸ்பாரும் சிரிப்பான்.

அந்த ஒருத்தி ராஜமேரி. கல்யாணமான புதிதில் நாகமரையில் ஒரு குடிசையில் குடியிருந்து பார்த்தாள். அவன் ராத்திரியும் படகில்தான் படுத்தான். அவன் இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் கிளம்பாது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு, கடத்தூர் போனவள் திரும்பவில்லை. "நீங்க இங்க வாங்க. எனக்குத் தண்ணி மேல குடும்பம் நடத்தத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவன் போகாமல் இல்லை. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் போனான். மூன்றாம் நாள் நடுத்தண்ணீரில் இரண்டு எஞ்சின்களும் நின்று, ஒரு கல்யாணக் கூட்டம் பொழுது சாயும் வரை மிதந்தது. மாப்பிள்ளை படகில். பெண் கரையில். முகூர்த்தம் போய்விட்டது. மறுநாள் இரண்டு வீட்டாரும் சேர்ந்து பஸ் ஏறிக் கடத்தூருக்கே வந்து, கோயில் வாசலில் வைத்து அவனைத் திட்டினார்கள். திட்டி முடித்துக் கையோடு கூட்டிப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவன் ஊருக்குப் போகிறேன் என்றாலே பச்சியப்பன், "போ, யார் வேணாம்னா? நல்ல எஞ்சின் வரட்டும், போ" என்பார். நல்ல எஞ்சின் வரவில்லை.

எழுபத்தொன்றில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் ராஜமேரியின் அண்ணன் அருள்நாதன் படகுத்துறைக்கு வந்தான். கடத்தூரில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தான்.

"கிணத்துக்குக் கிணறு எஞ்சின் வந்துடுச்சு மச்சான். என் ஒருத்தனால ஆவல. ஈஸ்டர் வரைக்கும் உங்களுக்குன்னு எடத்த வெச்சிருக்கேன். அப்பறம் அரூர்க்காரன் ஒருத்தன் கேக்குறான், அவன வெச்சிக்குவேன்."

"ராஜமேரி என்ன சொல்றா?"

"அவ ஒண்ணும் சொல்றதில்ல. அதான் வந்தேன்."

அந்த வாரமே பச்சியப்பனின் லாரி ஒன்று தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்தது. வண்டி நொறுங்கி எஞ்சின் மட்டும் தப்பியது. அதைப் படகில் ஏற்றிவிடலாம் என்று உற்சாகமாக வந்தார்.

கஸ்பார் லாரி எஞ்சினை யோசித்துப் பார்த்தான். அதை நடுவில் வைத்து, பின்பலகையைத் துளைத்து, கியரைப் பொருத்தி ஓட வைக்கலாம். ஓடும். ஆனால் அதன் கோளாறு இந்தக் கரையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும்.

"வேணாங்க. பம்புசெட் எஞ்சின் ரெண்டு போடலாம். பழச எடுத்த எடத்துலயே வெச்சிடலாம். லாரி எஞ்சின வித்தா ரெண்டும் வந்துடும்."

"பம்புசெட்டா? படகுக்கா?"

"பிளக்கு இல்ல, பெட்ரோல் இல்ல. டீசல் ஊத்திக் கைப்பிடியச் சுத்துனாப் போதும். எவன் வேணும்னாலும் ஓட்டுவான்."

பச்சியப்பன் அவன் பக்கம் திரும்பினார். "எவன் வேணும்னாலும்னா, நீ எங்க போறே?"

"எங்கியும் இல்லீங்க."

மாசியில் தண்ணீர் இறங்கியபோது படகை நாகமரைச் சேற்றில் ஏற்றி நிறுத்தினார்கள். பழைய எஞ்சின்கள் சங்கிலியில் தொங்கி வெளியே வந்தன. அடிப்பலகையைத் தட்டிப் பார்த்த கிருஷ்ணப்ப ஆசாரி உதட்டைப் பிதுக்கினார்.

"கஸ்பாரு, அந்த எஞ்சின் ரீங்காரம் போட்டு ஓடும். இது உலக்கை மாதிரி குத்தும். கிணத்து மேட்டுல சிமெண்டுத் தரைய பேத்துடுது. இது முப்பது வருஷப் பலகை. வாயத் தொறக்கும்."

"லாரி டயர வெட்டி அடியில குடுக்கலாம்."

"குடு. குத்து கொறையும். நிக்காது."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"நான் என்ன ஜோசியனா?"

கஸ்பார் டயரை வெட்டினான். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது.

எஞ்சின்கள் முதல் சுற்றிலேயே கிளம்பின. படகு முன்னைவிட மெதுவாகப் போனது. நேராகப் போனது. நாகமரையில் சொந்தக் கிணற்றில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்த சென்னப்பனைக் கஸ்பார் பழக்கினான். பழக்க எதுவும் இல்லை. மூன்றாம் நாள் சென்னப்பன் பீடி பற்றவைத்தபடி இரண்டையும் கிளப்பினான்.

"இதுக்கா ஏழு வருசமா ராத்திரி பகலாக் கெடந்தே?" என்றான்.

பலகைக்கடியில் தண்ணீர் கசிந்தது. முதலில் நாளுக்கு ஒரு தகர டின், பிறகு இரண்டு, பிறகு நான்கு. சென்னப்பன் வருவதற்குள் கஸ்பார் அதை இறைத்துக் கொட்டிவிட்டு, தரைப்பலகைகளைத் துடைத்து மூடிவைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. தான் போன பிறகு கசிவது தெரியவரும், ஆசாரியைக் கூப்பிட்டு அடைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தான். அப்படி நினைக்க முடிந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, பண்ணவாடியிலிருந்து இரண்டாம் நடை. ராஜமேரிக்குச் சேலை எடுக்கப் பண்ணவாடி வந்திருந்த கஸ்பார் டிரங்குப் பெட்டியோடு பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்தான். நாகமரையில் இறங்கினால் பென்னாகரம் பஸ். மாலைக்குள் கடத்தூர். திருநாள் கூட்டம், படகு நிறைய ஆள். முனியம்மாள் கருவாட்டுக் கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மொகத்துல கல்யாணக் களை வந்துடுச்சு டிரைவரே."

"இனிமே டிரைவர் அவந்தான்."

சென்னப்பன் எஞ்சின்களுக்கு நடுவில் நின்று எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினான். பேச்சுக் கேட்காத சத்தம். பெஞ்சு நடுங்கியது. பாதித் தூரத்தில் கஸ்பாரின் பாதம் நனைந்தது. குனிந்து பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

கரை தெரிந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது. இந்தப் பாதியும் போய்விட்டால் போதும். படகு மூக்கை இறக்கி இடப்பக்கமாகச் சாய்வது அவனுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

"பம்புசெட்டுப் போட்டீங்க, தண்ணி வந்துடுச்சு பாருங்கடா!" என்று யாரோ காலைத் தூக்கிச் சிரித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். முனியம்மாள் சிரிக்கவில்லை. கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வாயைத் திறந்தபடி கஸ்பாரைப் பார்த்தாள்.

அவன் எழுந்தான். "சென்னப்பா, இடது எஞ்சின நிறுத்து. எல்லாரும் வலப்பக்கம் வாங்க. எந்திரிக்காதீங்க, உக்காந்தே நகருங்க."

தரைப்பலகையைப் பெயர்த்து உள்ளே இறங்கினான். இடது எஞ்சினுக்கடியில் இரண்டு பலகைகளுக்கு நடுவே கை நுழையும் நீளத்துக்குப் பிளவு. பெட்டியைக் கேட்டான். ராஜமேரிக்கு வாங்கிய சேலையை முதலில் திணித்தான், பிறகு தன் வேட்டியை. முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு, தண்ணீரில் இடுப்பு வரை கிடந்தான். ஒற்றை எஞ்சினில் படகு வளைந்து வளைந்து சேற்றில் போய் முட்டியது.

ஆட்கள் குதித்து இறங்கினார்கள். சென்னப்பன் கைப்பிடியைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தான். "எஞ்சின் ஓட்டத்தான் ஒத்துக்கிட்டேன். இந்தக் கண்டத்துக்கு நான் ஆளில்ல சாமி."

"ஆசாரி வர்ற வரைக்குமாவது இருடா."

அவன் கரையேறிப் போய்விட்டான்.

பஸ் ஹாரன் அடித்தது. முனியம்மாள் கூடையோடு திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.

"வரலியா?"

படகின் பின்பாதி இன்னும் ஆழத்தில் நின்றது. முதுகை எடுத்தால் துணி பிதுங்கியது. கஸ்பார் அசையவில்லை.

"ராஜமேரி கேட்டா என்னன்னு சொல்றது?"

"எஞ்சின் நல்லா ஓடுதுன்னு சொல்லு."

திங்கட்கிழமை பச்சியப்பன் வந்தார். கோபப்படவில்லை. "நீ இல்லேன்னா அத்தன பேரும் போயிருப்பாங்க. உன்ன எப்படிப்பா வுடறது?" என்று தோளில் தட்டினார். அருள்நாதன் அரூர்க்காரனைக் கடையில் சேர்த்துக்கொண்டான். கஸ்பார் அதிகாலையில் எழுந்து தண்ணீர் இறைக்கத் தொடங்கினான். இரண்டு எஞ்சின்களும் அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை.