சேலைக்கு என்ன நிறம்

என் மனைவி இறந்த ஒன்பதாம் நாள் ஸ்டுடியோவைத் திறந்தேன். கொடைக்கானலில் ஊர் முழுக்க மஞ்சு மூட்டம். கேட்டவர்களிடம் பள்ளிக்கூட ஆர்டர் கிடக்கிறது என்றேன். பொய்யில்லை. அறிவியல் கண்காட்சிக்கு விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்கள் பன்னிரண்டைப் பெரிதாக அச்சடிக்க வேண்டியிருந்தது.

முதல் படத்தில் மலை மலையாகத் தூசி. அதன் மேல் நீலம், விளிம்பெல்லாம் செம்பு நிறம், உள்ளே அப்போதுதான் பிறந்த நட்சத்திரங்களாம். அடுத்ததில் ஒரு விண்மீன் கூட்டம் சுழன்றபடி நின்றது. அழகு என்று தெரிந்தது. காய்ச்சல்காரன் வாயில் பஞ்சாமிர்தம் வைத்தது போலத்தான் இருந்தது, ருசி ஏறவில்லை. ஓரம் வெட்டி அடுக்கினேன்.

படங்களை வாங்க வந்த அறிவியல் டீச்சர் துக்கம் விசாரித்தார். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் படத்தைப் பற்றிப் பேசினார்.

"டெலஸ்கோப்பு எடுக்கிறது கறுப்பு வெள்ளதாண்ணே. அப்புறம் உக்காந்து கலர் குடுக்காங்க."

"அப்ப டூப்பா டீச்சர்?"

"டூப்பு இல்லண்ணே. ஒவ்வொரு வாயுவோட வெளிச்சத்தையும் தனித்தனியா பிடிக்கிறாங்க. அங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சுதான் குடுக்காங்க."

அவர் போனதும் என் சொந்தச் சோலியை எடுத்தேன். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு அவள் படம் வேண்டும். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். இத்தனை வருடம் ஊரார் முகத்தையெல்லாம் எடுத்தவனிடம், அவள் தனியாக இருக்கும் படம் ஒன்றே ஒன்று இருந்தது. புதுக் கேமரா வாங்கிய அன்று, சோதித்துப் பார்க்க ஸ்டூலில் உட்கார வைத்து எடுத்தது. கறுப்பு வெள்ளை.

படத்திறப்புக்குக் கலர் படம்தான் வைக்க வேண்டும் என்று அவள் தங்கை சொல்லியிருந்தாள். கலர் ஏற்றுவது எனக்குப் பழகிய வேலை. வீட்டுக்காரர்களிடம் கேட்பேன், மாநிறமா, சிவப்பா, அன்றைக்கு என்ன சேலை என்று. அவர்களும் சொல்வார்கள். இதற்கு நான்தான் வீட்டுக்காரன். எடுத்தவனும் நான்தான். சேலை என்ன நிறம் என்று நினைவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். லைட் எங்கே நின்றது, லென்ஸ் எது என்பதெல்லாம் வந்தது. கடைசியில் பச்சை கொடுத்தேன். யாருக்கும் உறுத்தாத நிறம்.

மறுநாள் வத்தலக்குண்டிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி வந்த தங்கை, கம்ப்யூட்டர் திரையில் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அக்காட்ட பச்சச் சேலையே கெடையாதே மாமா. பச்சன்னா ஆகாதே அவளுக்கு."

நான் மவுஸை உருட்டிச் சேலையைப் பெரிதாக்கினேன்.

"இது அந்த மாம்பழ மஞ்சள்ல? பழனியில நீங்க எடுத்துக் குடுத்தது. எங்க போனாலும் அதத்தான கட்டுவா."

பத்து நாளாக ஒன்றும் தோன்றாமல் கிடந்தவனுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம். பச்சையை அழித்தேன். மஞ்சளில் எந்த மஞ்சள் என்று தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன்.