செல்வி அக்கா வட்டமிட்ட ஞாயிற்றுக்கிழமை

செனாய் தொழிற்சாலையில் ஒரு பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நம் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குழுவில் செய்தி வந்தது. குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் செல்வி அக்கா காலமானார். கிரீஸ் கையைத் துடைக்காமலே இரண்டு முறை படித்தேன்.

நம்மில் பாதிப் பேர் அவரிடம் சண்டை போட்டவர்கள். நானும்தான்.

போன வருடம் எனக்கு இரவு வேலை. பகலில்தான் தூக்கம். பக்கத்து வீட்டு ஜோசப் அங்கிளின் ரோக்கி காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் பிற்பகல் வரை குரைக்கும். மூன்று வாரம் கைப்பேசியில் சத்தத்தை அளந்து, மணிவாரியாக அட்டவணை போட்டு, நகராண்மைக் கழகத்துக்கு அனுப்பச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். ரோக்கியின் உரிமம் காலாவதியானதையும் அடியில் எழுதியிருந்தேன். புகார் போனால் நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தெரிந்துதான் எழுதினேன்.

அக்கா சிவப்புப் பேனாவால் ஒரு வரிசையை வட்டமிட்டார்.

“சட்டம் உன் பக்கம்தான் தம்பி. ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் காலியா இருக்கு?”

“அன்னிக்கு அது குரைக்கல.”

“அதுவும் சர்ச்சுக்குப் போயிடுதா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அனுப்புவீங்களா, மாட்டீங்களாக்கா?”

“அனுப்புறேன்லா. எழுதறதுக்கு முன்னாடி போய்ப் பாக்கணும்.”

மறுநாள் காலை, படுத்திருந்த என்னை எழுப்பி வெளியே கூட்டிப்போனார். அவருக்கு நாய் என்றாலே நடுக்கம், உங்களுக்குத் தெரியும். குடையை முன்னால் நீட்டியபடி வேலியோரம் நின்றார். ரோக்கி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் வீட்டுச் சுவரைப் பார்த்துக் குரைத்தது. அங்கே என் படுக்கையறையைக் குளிராக்கும் ஏர்கோனின் வெளிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கை வைத்தேன். தாங்கியில் இரண்டு போல்ட் தளர்ந்து, தகரம் கிடுகிடுத்தது. சனி இரவு எனக்கு வேலையில்லை. ஞாயிறு பகலில் ஏர்கோன் ஓடாது.

இயந்திர அதிர்வைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில்.

“அலமாக்! இப்போ புகார்ல யார் பேரை எழுதறது?” என்றார், குடையைத் தாழ்த்தாமலே.

பத்து நிமிடத்தில் இறுக்கினேன். ரோக்கி படுத்துவிட்டது. அக்கா அத்தோடு விடவில்லை. “இவன் விட்டுட்டான், அடுத்தவன் எழுதுவான். இன்னிக்கே லைசன்ஸைப் புதுப்பிங்க அங்கிள்” என்று ஜோசப் அங்கிளை விரட்டினார்.

ரோக்கி இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. அந்த அட்டவணை என் கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. இயந்திரம் சத்தம் போடுகிறது என்று யார் கூப்பிட்டாலும், அது எப்போது சும்மா இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.