மொட்டையனின் மகள்கள்

போன ஞாயிறு ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிடாவெட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன் வீடு. அண்ணனும் மதினி பாண்டியம்மாவும் செம்மறிப் பட்டி வைத்திருக்கிறார்கள். கறிச்சோற்றை நினைத்துக்கொண்டே அல்லிநகரத்தில் பஸ் ஏறினேன். போய் இறங்கினால் வீட்டில் சண்டை!

அண்ணனிடம் இரண்டு கிடாக்கள். ஒன்று கொம்பன் — முறுக்கிய கொம்பும் மிடுக்கு நடையுமாக ஊரே திரும்பிப் பார்க்கும். இன்னொன்று மொட்டையன். கொம்பு கிடையாது, மூஞ்சியும் சுமார். நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு, சுமாரானதைக் குட்டியிலேயே சாமிக்கு நேர்ந்துவிட்டார் அண்ணன். ஏதேதோ காரணத்தால் கிடாவெட்டு தள்ளித் தள்ளிப் போக... மொட்டையன் அப்பாவாகிவிட்டான். அவன் மகள்களும் குட்டி போட்டுவிட்டன.

சண்டைக்குக் காரணம், பட்டிக்கு வந்துபோகும் கால்நடை டாக்டரம்மா. செம்மறிப் பாலை இங்கே யாரும் கறப்பதில்லை, குட்டிதான் குடிக்கிறது. பிறகு எப்படி அளப்பது? பால் குடிக்குமுன் ஒருமுறை, குடித்தபின் ஒருமுறை குட்டியைத் தராசில் நிறுப்பார். கூடுகிற எடைதான் பால். ஒரே பட்டி, ஒரே மேய்ச்சல். ஆனாலும் மொட்டையன் மகள்களிடம் பால் தாராளம். கொம்பன் மகள்களிடம் குட்டிக்கே போதவில்லை.

கிடாவுக்குப் பால் சுரக்குமா என்ன? மகள்களைப் பார்த்துத்தான் அப்பனுக்கு மார்க் போட வேண்டும். ஆனால், மகள் தாயாகும்வரை எந்த அப்பன் உயிரோடு இருக்கிறான்? அதற்குள் குழம்பாகிவிடுகிறான். மாப்பிள்ளை பார்க்கும்போது நாமும் உயரம், நிறம், மீசை என்று கொம்பைத்தானே பார்க்கிறோம்...

“மொட்டையன வெட்டாதீகன்னு டாக்டரம்மா சொன்னாக” என்றார் மதினி.

“சாமிக்கு நேந்தத டாக்டரம்மாவா மாத்துறது?” — இது அண்ணன்.

“போன வருசம் பாலில்லாமச் செத்த குட்டிகள அள்ளிப் போட்டது நானு. நீங்க இல்ல.”

அண்ணன் மொட்டையனைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். எனக்குக் கறி ஆசையே போய்விட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் விடுவோம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். உதறாமல் வெட்டக் கூடாது. அன்றைக்குத் தண்ணீர்ச் செம்பு மதினி கையில்.

தெளித்தார். மொட்டையன் அசையவில்லை. காத்திருந்தோம். மறுபடியும் தெளித்தார். அவன் பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நின்றான்.

“சாமிக்கு இது வேண்டாமாம். பட்டியில நிக்கிற கொம்பன புடிச்சிட்டு வாங்க” என்றார் மதினி, நிதானமாக.

கொம்பன் வந்தான். தலை நனைந்ததும் உதறினான் பாருங்கள்... என் சட்டையெல்லாம் மஞ்சள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. சாமி உத்தரவாயிற்றே, யார் என்ன பேச முடியும்?

பக்கத்திலேயே நின்றவன் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். மொட்டையன் தலையில் மதினி தெளித்தது, விரல் நுனியில் இரண்டு சொட்டு. கொம்பன் தலையில் கவிழ்த்தது, முழுச் செம்பு.

சாமியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்!