வராத வரிக்கு நாலு சதவீதம்

நர்கீஸுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது பேகம்பூரில் எல்லோருக்கும் தெரியும். வத்தலக்குண்டு ரோட்டு நூற்பாலையில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடத்தில் மில்லுக்கும் அது தெரிந்துபோயிற்று.

2009 ஆடி மாதம். மில்லில் நூல் வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. பொருளைத் தயாரிக்கும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறதோ அதற்கேற்ப, வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லையிலேயே வரி போடலாமா என்று அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அதனால் நூல் விலையில் இப்போதே நாலு சதவீதம் குறைக்க வேண்டுமாம். மில்லின் புகை இவ்வளவு என்று அவர்களாகவே ஓர் உத்தேசக் கணக்கும் போட்டிருந்தார்கள். கூடவே முப்பத்திரண்டு கேள்விகளோடு ஒரு படிவம்.

மேனேஜர் பொன்ராஜ் படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாத்துக்கும் சைபர் போட்டு அனுப்பும்மா. நம்ம மில்லுல ஏது புகை?"

"ஜெனரேட்டர் ஓடுற சத்தத்துல நீங்க சொல்றதே கேக்கல சார். சைபராமில்ல!"

"அப்ப கேட்டதைக் குறைச்சுக் கொடுத்துட்டுப் போவோம்."

"வராத மாப்பிள்ளைக்குச் சீர் அனுப்புற மாதிரியில்ல இருக்கு? செத்த பொறுங்க, நான் கணக்குப் போட்டுப் பாக்குறேன்."

பத்து நாள் டீசல் பதிவேடும் மின்சார ரசீதுமாக அலைந்தாள். ஸ்டோரில் ரசீதுகளை வைத்திருக்கும் ராமர் கிண்டலடித்தான். "ஏக்கா, புகைய எந்தத் தராசுல நிறுப்பீக?"

"பஞ்சு குடோனுக்குப் பின்னாடி நீ இழுக்குற பீடியிலருந்து ஆரம்பிக்கவா?"

அதன்பிறகு கேட்ட ரசீதெல்லாம் உடனே கிடைத்தது.

வருமான வரியைக் குறைக்க முதலாளி கயத்தாறு பக்கம் நாலு காற்றாலை வாங்கிப் போட்டிருந்தார். மில் மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, அந்தக் கம்பெனி மில் மேல் சுமத்தியிருந்த புகையில் பாதிகூடத் தேறவில்லை. நர்கீஸால் நம்ப முடியவில்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை தின்றாள்.

பதிலில் எல்லா ரசீதையும் இணைத்தாள். வரிச் சட்டத்தின் நகல் இருந்தால் அனுப்பும்படி கேட்டாள். கடைசியாக ஒரு வரி: உங்கள் ஆட்கள் மூன்று பேர் வருடத்துக்கு நான்கு முறை விமானத்தில் வந்துபோகிற புகை, எங்கள் கன்டெய்னர் ஒன்று தூத்துக்குடியிலிருந்து கப்பலில் வருகிற புகையைவிடப் பல மடங்கு அதிகம், அதை யார் கணக்கில் எழுதுவது?

"இதையா அனுப்புன?" பொன்ராஜ் தலையில் கை வைத்தார். "ஆர்டர் போச்சு!"

ஆர்டர் போகவில்லை. மூன்றாம் வாரம், பழைய விலையே தொடரட்டும் என்று பதில் வந்தது. இனி நேரில் வருவதைக் குறைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார்கள். விருந்தாளிகளைச் சாக்கிட்டு மில் செலவில் கொடைக்கானல் போய்க்கொண்டிருந்த பொன்ராஜுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு மாதம் நர்கீஸிடம் பேசாமல் இருந்தார்.

முதலாளி மட்டும் மனம் குளிர்ந்து அவளுக்கு 'சுற்றுச்சூழல் அதிகாரி' என்று பட்டம் கொடுத்தார். சம்பளம் அதேதான்.

"பட்டத்தை வச்சு எங்க வீட்டுல உலை வைக்க முடியாது சார்," என்றாள் நர்கீஸ், அவர் முகத்துக்கு நேராகவே.

தீபாவளிக்குள் ஐந்நூறு ரூபாய் கூட்டினார்கள்.