முப்பத்தாறில் நாலு பாக்கி

ஞானசௌந்தரியைப் பாவம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஹில்டாவைப் பாவம் என்று சொல்கிறவர்களோடும்தான். முத்தாபுதுப்பேட்டையில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் பதினைந்து வருஷம் இருந்தவன் நான். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

ஞானசௌந்தரி கல்யாணம் ஆகாதவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. தம்பி வேதமுத்து எலக்ட்ரீஷியன், அவன் மனைவி ஹில்டா. பிள்ளை இல்லை. ஒரே வீடு, வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று பேருமாக ஊர் சுற்றக் கிளம்புவார்கள். எண்பத்து நாலில் வேதமுத்து ஒரு சின்ன கேமரா வாங்கினான். வாங்கிய அன்றே ஹில்டா சட்டம் போட்டுவிட்டாள்: மூன்று பேராக நின்று போட்டோ எடுக்கக் கூடாது, எடுத்தால் ஒருத்தர் போய்விடுவார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கர்த்தரை நம்பவில்லை.

ஆகவே கேமரா அக்கா கைக்கு வந்தது. வேளாங்கண்ணி, மைசூர், ஊட்டி என்று எந்த ஊரானாலும் தம்பியும் ஹில்டாவும் நிற்பார்கள், அவள் எடுப்பாள். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தாள். பிறகு பைத்தியமே பிடித்துவிட்டது. முப்பத்தாறு படத்தை நாள்வாரியாகப் பங்கு போடுவாள். மேகம் விலகும்வரை இரண்டு பேரையும் அசையாமல் நிற்க வைப்பாள். ஊர் திரும்பி, ஆவடி ஸ்டூடியோவில் ரோலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற பத்து நாளும் அவள் முகமே வேறாக இருக்கும்.

"பட்டனை அமுக்கினா உள்ள போயி உக்காந்துகினு கீது அண்ணாத்தே. கழுவி வர்ற வரிக்கும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

வேறு எதுவும் தனக்கென்று இல்லாதவளுக்கு அது பெரிய சொத்து. ஏழு வருஷத்தில் ஒரு படம்கூடத் தப்பவில்லை. ஒன்றில்கூட அவள் இல்லை.

தொண்ணூறில் கொடைக்கானலில் அவளாகவே வாய்விட்டுக் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு, என்னைத் தனியா எடுடா."

தம்பி கேமராவுக்குக் கை நீட்டினான். ஹில்டா சிரித்தாள். "ஃபிலிமுக்குக் கேடு. தனியா எடுத்து யாருக்குக் காட்டப் போற அண்ணி?"

வேதமுத்துவும் சிரித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். ஹில்டா சொன்னதைக்கூட அவள் மறந்திருப்பாள். அவன் சிரித்ததை மன்னிக்கவில்லை.

அடுத்த வருஷம் கன்னியாகுமரி. கிளம்பும் முன், வேதமுத்துவின் பையிலிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சின்ன வட்டம் வெட்டி லென்ஸ் மேல் ஒட்டினாள். அந்தக் கேமராவில் பார்க்கிற ஓட்டை வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. யாருக்குத் தெரியப் போகிறது? "சிரிங்க, நல்லா சிரிங்க" என்று முப்பத்திரண்டு தடவை அமுக்கினாள். எந்த ஊரிலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். நாலு படம் பாக்கி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு எடுத்து முடித்துக் கழுவலாம் என்று கேமராவைப் பீரோவில் வைத்தார்கள்.

ஊர் திரும்பிய மூன்றாவது வாரம், நசரத்பேட்டைப் பக்கம் வேதமுத்துவின் சைக்கிள் மேல் லாரி மோதியது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

வாசல் பந்தலில் அவன் சவப்பெட்டியை வைத்ததும், சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஹில்டா கேமராவைக் கொண்டுவந்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"கன்னியாகுமரில சிரிச்சிகினு நின்னாரே, அது அத்தினியும் இதுல கீது அண்ணி. எனக்கு அது போதும். இந்த நாலையும் எடுத்துட்டு நாளைக்கே கழுவக் குடுத்துடு."

ஞானசௌந்தரி சுவர்ப் பக்கம் திரும்பி லென்ஸை நகத்தால் சுரண்டி, விரலைக் கேமரா உறைக்குள் துடைத்துக்கொண்டாள். தூசு தட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். மூன்று படம் எடுத்தாள். நாலாவதற்கு ஹில்டா அவளையும் கூப்பிட்டாள்.

"நீயும் வந்து நில்லு அண்ணி. இனிமே மூணு பேரா நின்னா இன்னா?"

அந்தப் படத்தை நான் எடுத்தேன். பெட்டிக்கு இந்தப் பக்கம் ஹில்டா, அந்தப் பக்கம் அக்கா.

பத்து நாள் கழித்து ஸ்டூடியோக்காரர் நாலே படத்தை நீட்டினார். "முதல் முப்பத்திரண்டும் விழவே இல்லம்மா. வெறும் ஃபிலிம்."

ஹில்டா நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கேமரா உறைக்குள் கைவிட்டுத் துழாவினாள். அந்தக் கறுப்பு வட்டம் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. புருஷனுடைய டேப் அவளுக்குத் தெரியாதா? நான் வாசலில்தான் நின்றிருந்தேன். கத்தப் போகிறாள், அடிக்கப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கத்தரிக்கோலை எடுத்து நாலாவது படத்தை நெட்டாக வெட்டினாள். ஒரு துண்டை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"தனியா ஒரு படம் கேட்டல்ல அண்ணி? இந்தா."

அதில் ஞானசௌந்தரியின் முகமும், பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த நாலு விரலும் இருந்தன. அவள் அதை வாங்கி, வாசலுக்கு வந்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் விழுந்துகீது அண்ணாத்தே" என்றாள்.