ஜரீனாவுக்குப் பக்கத்து சீட்

அன்வருக்குக் கூட்டம் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்கு மச்சினன் ஆகாது, அதைப்போல. கல்யாண வீட்டில் அவரைத் தேடுகிறவர்கள் மேடைப் பக்கம் போய் நேரத்தை வீணாக்கமாட்டார்கள், நேரே வாசலுக்கு வந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கடைசி வரிசை, அதிலும் செருப்பு கழற்றும் ஓரம், அவர் பேருக்கே எழுதிவைத்த மாதிரி. லிஃப்ட் கதவு திறந்து உள்ளே நாலு தலை தெரிந்தால் போதும், அடிக்காத ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று பெரிய மனிதரைப்போல் கையை ஆட்டுவார். அவர் குடியிருக்கிற பாசிர் ரிஸ் அடுக்குமாடி புளோக்கில் பாதிப்பேர் அவரை ஓயாமல் ஃபோன் வருகிற முக்கியப் புள்ளி என்றே நினைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு அல்லா வேலை கொடுத்த இடம், சிங்கப்பூரிலேயே கூட்டம் நெரிகிற சிராங்கூன் சாலை. அதுவும் புடவைக்கடை. ஆனால் கீழே கல்லாப் பக்கம் இல்லை, மேல்மாடி ஸ்டோர் ரூமில். முதலாளி செல்வராஜ் படிக்கட்டின் அடியில் நின்று, மூக்கால் பாதி தொண்டையால் பாதியாகக் குரல் கொடுப்பார்: "அன்வரூ, மாம்பழக் கலர், அரக்கு பார்டர். அக்கா கால் கடுக்க நிக்கிறாங்க லா." கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கயிறு கட்டிய கூடை இறங்கும். புடவை வரும், ஆள் வரமாட்டார். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் அந்தக் கூடைக்கே தீபாவளி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவதுண்டு.

அவர் மனைவி ஜரீனா இதற்கு நேர்மாறு. பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ சியாம் சேமியா விற்கிறார். இடைவேளை மணி அடித்ததும் பாய்ந்து வரும் பட்டாளத்தை, வாயைத் திறக்காமல், ஒரு கரண்டியை உயர்த்தியே வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவார். அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு: ரோலர் கோஸ்டர். மகள் ஃபர்சானா உயர்நிலைப்பள்ளியில் படித்தபோது துணைக்கென்று செந்தோசாத் தீவு கேளிக்கைப் பார்க்குக்குப் போனவர், மகளை விட்டுவிட்டு மூன்று தடவை ஏறி இறங்கினார். அன்று பிடித்தது. அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை தலையில் கட்டும் துடோங்கில் கூடுதலாக நாலு பின் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். ஃபர்சானா தாதியாகி ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டாக ஓட ஆரம்பித்த பிறகு தனியாகவே போனார்.

வண்டி கீழே பாயும்போது அங்கே ஒரு கேமரா படம் பிடிக்கும். அந்தப் படங்களை ஜரீனா வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஜரீனா அதே ஜரீனாதான். பக்கத்து சீட்டில் மட்டும் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் கண்ணாடி பறக்கிற கொரியப் பெண், ஒரு வருஷம் ராணுவப் பயிற்சிக்கு மொட்டையடித்த என்எஸ் பையன், ஒரு வருஷம் வாயைப் பிளந்த வெள்ளைக்காரத் தாத்தா. காலையில் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் இவர்கள் அன்வரைப் பார்ப்பார்கள். அவர் அவர்களைப் பார்க்காமல் கதவைச் சாத்துவார்.

இந்த வருஷம் ஜரீனாவுக்கு ஐம்பது. என்ன வேண்டும் என்று மகள் கேட்டாள். சட்டி கழுவிக்கொண்டிருந்த ஜரீனா, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு தடவ உங்க அத்தா என் பக்கத்துல உக்காந்து வந்தா போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அன்வருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏறுவதற்கு அவருக்குப் பயமில்லை. அதை யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் காலத்தில் லாரிக்குப் பின்னால் துணிமூட்டைமேல் நின்றபடி போனவர் அவர். வண்டி தலைகீழாகப் போனால் என்ன, ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு முன்னால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு மூச்சு என்று நிற்கவேண்டியிருக்கிறதே, அதுதான். நின்றால் உள்ளங்கை நனையும், சட்டைக் காலர் சுருங்கும், காதுக்குள் யாரோ ஈரத்துணியை அடைத்த மாதிரி ஆகும். அப்புறம் கால்கள் அவரைக் கேட்காமலே வெளியே நடந்துவிடும்.

ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கடைக்கு லீவு தீபாவளியன்றுதான். அன்றைக்கே போய்விட்டால்? முதல்நாள் முழுக்க ஊரே சிராங்கூன் சாலையில் நெரிபடும். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும், கோயிலுக்குப் போகும், பலகாரம் தின்னும், மாமன் வீடு சித்தப்பன் வீடு என்று சுற்றும். பார்க்குக்கு எவன் வருவான்? காக்கா குருவி இருக்காது. வாசலிலேயே வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

இதை மகளிடம் சொன்னபோது அவருக்கே தன் மூளையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வரிசையில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கவா என்று ஃபர்சானா கேட்டாள். காலியாக இருக்கிற இடத்துக்கு அது எதுக்கு என்றுவிட்டார்.

"அத்தா, சிங்கப்பூர்ல எல்லாரும் தமிழாளுங்களா?"

"தீபாவளின்னா தீபாவளிதான். நீ டிக்கெட்ட போடு."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருஷமாக அவர் ஸ்டோர் ரூம் சன்னல் வழியாகப் பார்த்த தீபாவளி அந்த ஒரு சாலைதான். அதில் மொத்த உலகமும் இருந்தது.

தீபாவளி காலையில் ரயிலில் கடைசிப் பெட்டி, கதவோரம். ஊட்ரம் பார்க்கில் மாறும்போது எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்தில் லிட்டில் இந்தியா போகும் ரயிலுக்குப் பட்டும் ஜரிகையுமாக ஒரு கூட்டம் காத்திருந்தது. அன்வர் ஜரீனாவின் முழங்கையைத் தொட்டு, கணக்குப் பரீட்சையில் நூறு வாங்கிய பையனைப்போல் சொன்னார்: "பாத்தியா? எல்லாரும் அந்தப் பக்கம்தான் போறாங்க."

செந்தோசாவுக்கு இறங்குகிற ஹார்பர்ஃபிரன்டில் படியேறி வெளியே வந்ததும் அந்தக் கணக்கு முட்டையாகிவிட்டது. தீபாவளி எல்லாருக்கும் பொது விடுமுறை. தீபாவளி கொண்டாடாத அத்தனை பேருக்கும் அன்றைக்கு வேறு வேலை இல்லை. தள்ளுவண்டியில் குழந்தை, தோளில் குழந்தை, கையில் குழந்தை, ஒரே நிறத்தில் டீ-சட்டை போட்ட கம்பெனிக்காரர்கள், குச்சியில் கொடி தூக்கிய சுற்றுலா வழிகாட்டிகள். தீவுக்குப் போகிற மோனோரெயிலுக்கே பாம்பு மாதிரி வரிசை. எக்ஸ்பிரஸ் பாஸ் எப்போதோ விற்றுத் தீர்ந்திருந்தது.

ஜரீனா கூட்டத்தைப் பார்க்கவில்லை, அன்வரின் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போகலாம், பக்கத்து விவோசிட்டி மாலில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். கோபமில்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் அன்வர் திரும்பியிருப்பார்.

கடல்மேல் போட்ட நடைபாதை வழியாக நடந்தே போனார்கள். உள்ளேயும் பரவாயில்லை, திறந்தவெளி, மூச்சு விட இடமிருந்தது. ரோலர் கோஸ்டர் வரிசையில் சேர்ந்தபோது, 'இங்கிருந்து எழுபத்தைந்து நிமிடம்' என்றது பலகை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் தேன் தடவிய குரலில், நான்கு மொழியிலும், காத்திருப்பதற்கு நன்றி என்றாள். காத்திருக்காதவனுக்கு அவள் என்ன சொல்வாள் என்று அன்வர் யோசித்தார். வளைந்து வளைந்து போகிற கம்பிகளுக்குள் நகர்ந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் வெளியே போகிற வழி எது என்று பார்த்து வைத்துக்கொண்டார். முன்னால் கம்பெனி டீ-சட்டைகள். பின்னால் இடுப்புப் பையோடு ஒரு சீன ஆன்ட்டியும், பாட்டரி விசிறியைத் தன் முகத்துக்கு மட்டும் காட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனும்.

பாதிக்கு மேல் நன்றாகத்தான் போனது. அப்புறம் வரிசை ஒரு குகை வாசலுக்கு வந்தது. பொய்ப்பாறை, பொய்த்தீவட்டி, இருட்டு. உள்ளே போனவர்களின் பேச்சுச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. வெளியே போகும் வழி தெரியவில்லை.

காதில் ஈரத்துணி ஏறியது.

"நான் கொஞ்சம்…" என்றார். மீதி வரவில்லை. திரும்பி, கம்பிக்கும் வயிறுகளுக்கும் நடுவில் சாரி சாரி என்று பக்கவாட்டில் நகர்ந்து, வந்த வழியெல்லாம் பின்னோக்கிப் போய், வெயிலில் வந்து விழுந்தார். குளிர்பானக் கடைக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேல் வண்டி ஒன்று அலறிக்கொண்டு போனது. அவ்வளவுதான். இந்த வருஷமும் யாரோ ஒரு கொரியப் பெண்.

ஃபோன் துடித்தது. ஜரீனா ஒரு படம் அனுப்பியிருந்தார். கம்பியின் அகலமான விளிம்பில், அவர் கைக்குப் பக்கத்தில், ஒரு டிஷ்யூ பாக்கெட். கீழே எழுதியிருந்தது: 'உங்க எடம்.'

உணவங்காடியில் ஊரே டிஷ்யூ வைத்து மேசை பிடிக்கிற மாதிரி இடம் பிடித்திருக்கிறாள். ஓடாத மேசைக்கு டிஷ்யூ வைக்கலாம், ஓடுகிற வரிசைக்கு வைக்க முடியுமா? அன்வருக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இன்னொரு படம் வந்தது. வரிசை நகர்ந்திருந்தது. டிஷ்யூ பாக்கெட்டும் நகர்ந்திருந்தது. அதை நகர்த்துகிற கை ஜரீனாவுடையதில்லை. பச்சைக்கல் வளையல் போட்ட, சுருக்கம் விழுந்த கை. பின்னால் நின்ற ஆன்ட்டி.

மூன்றாவது படத்தில் பாக்கெட் குகைக்குள் போயிருந்தது.

எத்தனையோ வருஷமாக அவர் வரிசைகளை விட்டு வெளியே வந்திருக்கிறார். திரும்பி உள்ளே போனதில்லை. எப்படிப் போவது? சிங்கப்பூரில் கொலைகூடச் செய்யலாம், கியூவை வெட்டக்கூடாது. அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாராவது படம் பிடித்து, 'அங்கிளுக்கு வெட்கமில்லை' என்று போடுவார்கள். குப்பைத்தொட்டியை விட்டுக் கையை எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார்.

"மை வைஃப் இன்சைட்," என்றார் முதல் ஆளிடம். அவன் ஒதுங்கினான். "மை வைஃப் இன்சைட்." அடுத்தவள் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டாள். நடுவில் ஒரு இளைஞன் உதட்டைப் பிதுக்கி, எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தான். அன்வருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்போது குகைக்குள்ளிருந்து, மீன்கடையில் பேரம் பேசிப் பழகிய குரல் ஒன்று பாறையெல்லாம் அதிர வந்தது:

"அங்கிள் கம் பேக் ஆல்ரெடி லா! லெட் ஹிம், லெட் ஹிம். ஹிஸ் டிஷ்யூ ஹியர்!"

ஆன்ட்டி அந்தப் பாக்கெட்டை ஏலம் விடுகிற மாதிரித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டிஷ்யூ இருந்தால் இடம் இருக்கிறது. முணுமுணுத்தவனே வழிவிட்டான். புருஷன் பாட்டரி விசிறியை முதல் தடவையாகத் தன் முகத்திலிருந்து திருப்பி, அன்வரின் கழுத்துக்குக் காட்டினான்.

ஜரீனா, வந்துட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. சிறிது தூரம் இருட்டில் நகர்ந்தார்கள். அன்வரின் மூச்சு அவருக்கே கேட்டது.

"என்னாங்க, மேல ஸ்டோர் ரூமுக்கு ஏறுனதும் மொதல்ல என்ன இருக்கும்?"

"எதுக்கு?"

"நான் பாத்ததே இல்லையே. சொல்லுங்க."

அன்வர் கண்ணை மூடினார். இடதுபக்கம் முதல் அலமாரி காட்டன், என்றார். மேல்தட்டில் சுங்குடி, அதுக்குக் கீழே செட்டிநாட்டுக் கட்டம். அதைத் தாண்டினால் பட்டு, கஞ்சி வாசனை போய் வேறே வாசனை வரும். ஒவ்வொரு தட்டாக மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். யாரும் வாங்காத ஊதா நிறப் புடவை ஒன்று வெகுகாலமாக மூலையில் கிடக்கிறது, அதை மட்டும் மாதம் ஒரு தடவை எடுத்து மடிப்பு மாற்றுவேன் என்றார். எதுக்கு என்று ஜரீனா கேட்டார். ஒரே மடிப்பில் கிடந்தால் கிழிந்துபோகும் என்றார். சன்னல்வரை வந்தபோது கண்ணைத் திறந்தார். எதிரே வெளிச்சம், சீருடை போட்ட பெண், எத்தனை பேர் என்று விரலைக் காட்டிக் கேட்டாள்.

"டூ," என்றார் அன்வர். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

வண்டி டக்டக்கென்று மேலே ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்றது. கீழே கடல், கப்பல்கள், அந்தப் பக்கம் ஊர் முழுக்க அடுக்குமாடிகள். கூட்டமே இல்லாத இடம் இதுதான் என்று அன்வர் நினைத்த அந்த நேரத்தில், பக்கத்திலிருந்து ஒரு கை பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தது. பிடித்தது என்று சொல்ல முடியாது. கவ்வியது. திரும்பிப் பார்த்தார். கரண்டியை உயர்த்தியே பட்டாளத்தை அடக்குகிற ஜரீனா, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உதடு நடுங்க எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்தது அன்வருக்குச் சரியாக நினைவில்லை. இறங்கி வந்தபோது படம் வாங்கும் இடத்தில் பெரிய வரிசை நின்றது. ரெண்டு பேரும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு ரோஜாப்பால் பண்டுங் வாங்கி உறிஞ்சினார்கள். அன்வர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். நகம் பதிந்த இடமெல்லாம் சிவந்திருந்தது.

"உனக்குப் பயமா?"

"பின்ன? உசுரு போய்ட்டு உசுரு வருது. அதுக்குத்தான போறதே."

"அப்ப இத்தன வருஷமா யாரு கையப் புடிச்சே?"

"பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க கைய." ஜரீனா உறிஞ்சுகுழலால் ஐஸைக் குத்தினார். "யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. அந்தக் கொரியப் புள்ள அதுவே புடிச்சிக்கிச்சு. என்எஸ் பையன்தான் பாவம், இறங்குனதும், 'ஆன்ட்டி, கேன் லெட் கோ நவ்'ன்னான்."

தலைக்கு மேல் வண்டி மறுபடியும் அலறிக்கொண்டு போனது. ஜரீனாவின் கண் தானாக அதன் பின்னால் போனது. அன்வர் அதைப் பார்த்தார். வரிசையையும் பார்த்தார். அது இப்போது குளிர்பானக் கடைவரை நீண்டிருந்தது.

"இன்னொரு தடவ என்னால முடியாது புள்ள. இன்னிக்கு இவ்வளவுதான். நீ போய்ட்டு வா, நான் இங்கயே இருக்கேன்."

ஜரீனா பண்டுங்கைக் கடைசிச் சொட்டுவரை சத்தம் போட்டு உறிஞ்சினார். அவசரமே இல்லை.

"வேணாங்க. இன்னிக்கு வேற ஆளு கையெல்லாம் வேணாம்."

பெஞ்சின் மறுமுனையில் ஒரு குடும்பம் வந்து, பையும் பொம்மையும் பாட்டிலுமாக நெருக்கி உட்கார்ந்தது. அன்வர் எழுந்திருக்கவில்லை. ஜரீனா பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.