பின்னாலிருந்து ஒரு குரல்

நாளை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பேத்தி, பக்கத்து அறையில் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். பிறர் மனதை மாற்றப் பேசும் இங்கிலீஷாம். "கன்வின்ஸ், பெர்சுவேட், டாக் அவுட் ஆஃப்..." எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எழுபதுகளில், புதுப்பட்டினத்தில் ஒரு விடியல். காற்று சரியில்லை. அம்மா கெஞ்சியும் கேட்காமல் நைனா துடுப்போடு கிளம்பினார். கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டால், எங்கள் மீனவர்களில் யாரும் அன்று போகமாட்டார்கள். அம்மா வேண்டுமென்றே கத்தினாள்.

"யோவ், எங்க போற?"

நைனா துடுப்பைக் கீழே வீசினார். "வாய வெச்சிட்டியா? பேஜாரு புடிச்சவளே!"

மதியம் மற்ற கட்டுமரங்கள் மீனோடு திரும்பின.

"இப்ப இன்னா சொல்ற?"

"மீனு நாளைக்கும் வரும்யா," என்றாள் அம்மா, அடுப்பை ஊதியபடி.

நாளை பேத்தி கிளம்பும்போது நான் வாசலில் நிற்கக் கூடாது. என் வாய் சும்மா இருக்காது.